ஒரு படகுக்குப் பல உடைமையாளர்: கூட்டுக் கலவுடைமையின் வரலாறு

நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு படகு வாங்கினால், தனித்தனியாக வாங்கக் காசு இல்லை என்றுதான் ஊர் நினைக்கும். கடல்வணிக வரலாறு அதைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறது. முழுக் கப்பலைத் தனியாகவே வாங்கக்கூடிய செல்வர்களும் பல நூற்றாண்டுகளாக அப்படிச் செய்யவில்லை. ஒரு கப்பலை முழுதாக வைத்திருப்பதைவிட எட்டுக் கப்பல்களில் எட்டிலொரு பங்கு வைத்திருப்பதையே அவர்கள் விரும்பினார்கள். காரணம் எளியது. வயலில் ஒரு போகம் பொய்த்தாலும் நிலம் மிஞ்சும். நடுக்கடலில் கப்பல் மூழ்கினால் முதலும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே கலத்தைப் பங்கிட்டதற்கு வறுமையைவிட இழப்பச்சமே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். அந்த அச்சத்தைப் பிற்காலத்தில் காப்பீடு ஏற்றுக்கொண்டது. பெருமுதலைத் திரட்டும் வேலையை வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதன்பின் கூட்டுடைமை பெரிய கப்பல்களை விட்டு இறங்கி, மீன்பிடிப் படகுகளிலும் பொழுதுபோக்குப் படகுகளிலும் தங்கிவிட்டது. கூட்டாளிகளுக்குள் மனம் வேறுபட்டால் யார் சொல் செல்லும், விலக நினைப்பவன் எப்படி விலகுவது என்ற கேள்வி மட்டும் எந்தக் காலத்திலும் தீரவில்லை. கூட்டுக் கலவுடைமையின் சட்ட வரலாறு பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியின் வரலாறுதான்.

மத்தியதரைக் கடல்

இழப்பைப் பரப்பும் உத்திக்கு நன்கு அறியப்பட்ட பழைய சான்றுகளில் ஒன்று ரோமானிய அரசியலாளர் மூத்த கேட்டோவைப் பற்றிப் புளூட்டார்க் எழுதிய வரலாற்றில் உள்ளது. கப்பல் வணிகத்துக்குக் கடன் கொடுக்கும்போது, கடன் கேட்பவர்கள் பெரிய கூட்டாகச் சேர வேண்டும் என்று கேட்டோ நிபந்தனை போட்டார். ஐம்பது கூட்டாளிகளும் ஐம்பது கப்பல்களும் சேர்ந்தபின், தாமும் அதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, விடுதலை பெற்ற அடிமையான குவின்டியோவைத் தம் சார்பில் கூடவே அனுப்பினார். சிக்கனத்துக்குப் பேர்போன அந்த மனிதர் ஒரு கப்பலை நம்பவில்லை. ஐம்பதின் சராசரியை நம்பினார். ஆள் வைத்துக் கணக்குப் பார்த்ததையும் கவனிக்க வேண்டும். பங்கு இருக்கும் இடத்தில் கணக்குப்பிள்ளையும் இருப்பார் என்பது அன்றே உறுதியாகிவிட்டது.

ரோமானியச் சட்டம் கூட்டாளிகளிடம் தாராளம் காட்டவில்லை. கி.பி. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட டைஜஸ்ட் என்னும் சட்டத் திரட்டின் 14ஆம் நூல், ஒரு கப்பலைப் பலர் சேர்ந்து இயக்கினால் கடன் கொடுத்தவர் அவர்களில் எவர்மீதும் முழுத் தொகைக்கும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. வெளியாருக்கு எல்லோரும் ஒரே ஆள்; தங்களுக்குள் யார் எவ்வளவு தருவது என்பது அவர்கள் பாடு. இன்றும் நண்பர்கள் கூட்டாக வாங்கிய படகுக்கு டீசல் கடனோ பழுதுபார்ப்புக் கடனோ நின்றால், கடைக்காரர் பங்குவிகிதம் பார்த்து ஆள் தேடுவதில்லை. கையில் அகப்படுபவரைத்தான் பிடிக்கிறார்.

இடைக்காலத்தில் பங்குகளுக்குத் திட்டமான அளவு வந்தது. வெனிசிலும் ரகூசாவிலும் ஒரு கப்பல் 24 காரட்டாகப் பிரிக்கப்பட்டது. பொன்னின் தரத்தை அளக்கும் அதே காரட்தான். இந்தியப் பெருங்கடலிலும் கூட்டு முயற்சிக்குச் சான்று உண்டு. கெய்ரோ யூதக் கோவிலின் பழந்தாள் குவியலான கெனிசா ஆவணங்களில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள், ஏடன் துறைமுகத்து யூத வணிகத் தலைவர் மத்மூனும் அவ்வூர் ஆட்சியாளரான பிலாலும் கூட்டாகக் கப்பல் கட்டி இலங்கை வணிகத்துக்கு அனுப்பியதைப் பேசுகின்றன. மதத்தாலும் அதிகாரத்தாலும் வேறுபட்ட இருவர் ஒரே கப்பலில் பணம் போட்டார்கள் என்பதுதான் இதில் வியப்பு.

இக்காலத்து நூல்களில் நான் மிகவும் மதிப்பது கட்டலான் மொழியில் 14ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டு, பின்பு பார்சிலோனாவில் அச்சேறிய கடல் வழக்குத் திரட்டு. கன்சலாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நூல், கப்பல் கட்டி முடிந்தபின் எழும் சண்டையிலிருந்து தொடங்கவில்லை. கட்டத் தொடங்கும் முன்பே கூட்டாளிகளை உட்கார வைக்கிறது. கப்பலைக் கட்ட முனையும் தலைவர், கப்பல் எத்தனை பங்காகும், அடிக்கட்டை எவ்வளவு நீளம், அகலம் எவ்வளவு, எவ்வளவு சரக்குத் தாங்கும் என்பதையெல்லாம் பங்குதாரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்ன அளவைவிடப் பெரிதாகக் கட்டினால், அவர்களின் ஒப்புதலில்லாமல் கூடுதல் செலவை அவர்கள் தலையில் கட்ட முடியாது. இந்த விதி எதனால் வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. தச்சுப்பட்டறையில் நிற்கும் கப்பல் தலைவருக்கு, கட்டக் கட்ட ஆசை பெருகும், செலவோ எல்லோருக்கும். ஐபீரியக் கடற்கரையின் பல தலைமுறைச் சண்டைகள் இந்த விதிக்குள் படிந்திருக்கின்றன.

பெரும்பான்மையும் சிறுபான்மையும்

பிரான்சில் 14ஆம் லூயி காலத்தில், அவருடைய அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் 1681இல் வந்த கடற்சட்டம் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டது. கப்பலை எங்கே அனுப்புவது என்பதில் பங்கு மதிப்பால் பெரும்பான்மை உடையவர்களின் முடிவே முடிவு. கூட்டுக் கப்பலை ஏலத்துக்கு விடும்படி எந்தக் கூட்டாளியும் மற்றவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பயணத்தைப் பற்றிய கருத்து சரிபாதியாகப் பிளந்து நின்றால் மட்டும் அது முடியும். ஆளுக்குப் பாதி என்று இருவர் வாங்கிய படகுதான் மிக ஆபத்தானது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள். மூன்று பேர் இருந்தால் எப்படியும் ஒரு முடிவு கிடைக்கும். இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் படகு துறையிலேயே கிடந்து உளுத்துப்போகும்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே கடல் வழக்குகளுக்கான நாவாயச் சட்டத்தைப் பற்றி எழுதிய அறிஞர்கள் பலர் அடிப்படையாகக் கொண்ட கருத்து, கப்பல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது, துறையில் கிடப்பதற்கல்ல என்பதே. சார்லஸ் அபட் 1802இல் வெளியிட்ட வணிகக் கப்பல் சட்ட நூல் அன்றைய நடைமுறையை விளக்குகிறது. பெரும்பான்மைப் பங்குதாரர்கள் கப்பலைப் பயணத்துக்கு அனுப்பலாம். அதற்கு உடன்படாத சிறுபான்மையினர் நாவாய நீதிமன்றத்தை நாடி, தங்கள் பங்கின் மதிப்புக்கு ஈடாகப் பிணையம் கேட்கலாம். கப்பல் திரும்பாவிட்டால் அந்தப் பணம் அவர்களுக்கு. ஆனால் அந்தப் பயணத்தின் செலவில் அவர்களுக்குப் பங்கில்லை; இலாபத்திலும் இல்லை. பயப்படுபவனுக்குப் பாதுகாப்பும் துணிபவனுக்கு ஆதாயமும் தரும் இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்ததை அதன்பின் யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. 1861ஆம் ஆண்டு நாவாய நீதிமன்றச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், உடைமை, வருமானம் பற்றிய கூட்டாளிகளின் தகராறுகளைத் தீர்க்கவும், கணக்கை நேர்செய்யவும், தேவைப்பட்டால் கப்பலையே விற்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது.

ஆங்கிலச் சட்டத்தின் இன்னொரு கூறு நண்பர்களுக்குக் கசப்பானது. கப்பலின் பங்குதாரர்கள் இயல்பாகவே வணிகக் கூட்டாளிகள் ஆகிவிடுவதில்லை. அவரவர் பங்குக்கு அவரவர் தனி உடைமையாளர். தம் பங்கை யாரையும் கேட்காமல் யாருக்கும் விற்கலாம். முதலீட்டாளருக்கு இது பெரிய வசதி. ஆசைப்பட்டுச் சேர்ந்து வாங்கிய படகில் நாளை முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்காரலாம் என்பதும் இதே விதியின் விளைவுதான். மற்றவர்களுக்கே முதல் உரிமை என்று நண்பர்கள் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால், பொதுச்சட்டம் அவர்களுக்குத் துணை நிற்காது.

அறுபத்து நான்கு

பாதி, பாதியில் பாதி என்று ஆறு முறை பிரித்தால் 64 வரும். ஆங்கிலக் கப்பலின் பங்குகளுக்கு இந்த எண், வாரிசுகளுக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுத்த வழக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். 1786ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 15 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை எல்லாம் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. 1820களின் சட்டங்கள் 64 பங்கு என்பதை நிலைநிறுத்தின. 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் 64 பங்குக்கு அதிகபட்சம் 32 உடைமையாளர்களை ஏற்றது. 1880இல் அந்த வரம்பு 64 ஆனது.

பங்கு சிறிதானபோது உடைமையாளர்களின் முகமும் மாறியது. வேல்ஸ் நாட்டின் போர்த்மடோக் துறையிலிருந்து பலகைக் கல் ஏற்றிச் சென்ற பாய்க்கப்பல்களில் கடைக்காரர்களும் உழவர்களும் கல்லுடைப்பவர்களும் சமயப் போதகர்களும் 64இல் ஒன்று, இரண்டு என்று பங்கு வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் திமிங்கல வேட்டைத் துறைகளிலும் இதே நிலைதான். ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலில் வேட்டைக் கப்பலின் பெரும்பங்கு இரண்டு முதியவர்களிடமும், மீதிச் சில்லறைப் பங்குகள் கைம்பெண்களிடமும் தந்தையற்ற பிள்ளைகளிடமும் இருப்பதாகக் காட்டுவது கற்பனைக்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல. அக்காலத் துறைமுக ஊர்களின் நடப்பு.

பங்கிட்டால் இழப்பு மட்டும் பரவுவதில்லை, பொறுப்பும் பரவிக் கரைந்துபோகும். இதற்குக் கொடிய சான்று, லிவர்பூல் வணிகர் வில்லியம் கிரெக்சனின் கூட்டுக்குச் சொந்தமான சோங் என்னும் அடிமைக் கப்பல். 1781இன் இறுதியில், குடிநீர் போதவில்லை என்ற காரணம் காட்டி, அதன் மாலுமிகள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தள்ளிக் கொன்றார்கள். ஊரில் இருந்த உடைமையாளர்கள் செய்தது, இறந்தவர்களைச் சரக்காகக் கணக்கிட்டுக் காப்பீட்டுத் தொகை கேட்டது. முதலில் நடுவர் குழு உடைமையாளர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 1783இல் மேல்மன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. கொலைக் குற்றம் சாட்டி யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. கூட்டுடைமையின் நற்பெயரை மட்டும் பாடும் வரலாறுகள் இந்தக் கப்பலைத் தவிர்த்துவிடுகின்றன. அது நேர்மையல்ல.

இழப்பைப் பரப்ப வேறு வழியும் வந்தது. போர்த்மடோக்கில் 1841இல் கப்பல் உடைமையாளர்கள் தங்களுக்குள் ஒரு பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கத்தை நிறுவினார்கள். ஒருவர் கப்பல் போனால் எல்லோரும் சேர்ந்து ஈடு கட்டுவது அதன் ஏற்பாடு. இழப்பைப் பரப்பும் வேலையைச் சங்கம் எடுத்துக்கொண்டபின், அதே வேலைக்காகப் பத்துக் கப்பலில் பங்கு வாங்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. அடுத்து இரும்பும் நீராவியும் வந்தன. நீராவிக் கப்பலின் விலையில் 64இல் ஒரு பங்கே கடைக்காரருக்கு எட்டாததாயிற்று. 1855ஆம் ஆண்டு வரம்புக்குட்பட்ட பொறுப்புச் சட்டமும் 1862ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் வந்தபின், ஒரு கப்பலுக்கு ஒரு நிறுவனம் என்ற முறை பரவியது. வ.உ.சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பத்து லட்சம் ரூபாய் முதலை 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 ஆகப் பிரித்தது இந்தப் புதிய வழியில்தான். அதில் பங்கு வாங்கியவர் கப்பலின் ஒரு துண்டுக்கு உடைமையாளர் அல்லர். கப்பலை உடைய நிறுவனத்தின் ஒரு துண்டுக்கு உடைமையாளர். எளிய மக்களை இழுக்க இதைவிட நல்ல வழி அன்று இல்லை என்றே சொல்ல வேண்டும்.

பழைய முறை ஏட்டில் மட்டும் நீடித்தது. பிரிட்டனில் 64 பங்கு இன்றும் பதிவேட்டில் உண்டு. சுதந்திர இந்தியா 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தில் அந்த எண்ணைக் கைவிட்டுக் கப்பலைப் பத்துப் பங்காக்கியது. நாலணா எட்டணா கணக்கிலிருந்து தசம நாணயத்துக்கு நாடு மாறிய 1957ஐ ஒட்டியே இதுவும் நடந்திருக்கிறது. பல நூற்றாண்டுகள் வாழ்ந்த கூட்டுக் கப்பல் வடிவத்தை ஜெர்மனி 2013ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வணிகச் சட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது.

மீன்பிடிக் கரைகள்

பெரிய கப்பல்களில் வழக்கொழிந்தது சிறிய படகுகளில் தொடர்கிறது. காப்பீட்டு முகவர் எளிதில் எட்டிப் பார்க்காத கரைகளில் பழைய இழப்பச்சம் அப்படியே இருக்கிறதல்லவா?

இலங்கையின் தென்கரையில் உள்ள மாவெல்லே என்ற ஊரின் கரைவலை முறை பற்றிப் பால் அலெக்சாண்டர் செய்த ஆய்வை எலினோர் ஆஸ்ட்ராம் பொதுவளங்கள் பற்றிய தம் நூலில் எடுத்தாண்டிருக்கிறார். அங்கே ஒரு வலைக்கு எட்டுப் பங்கு. பங்குள்ளவருக்கு முறை வைத்து வலை வீசும் உரிமை. முறை நேர்மையானது, எல்லோருக்கும் நல்ல இடமும் நல்ல பருவமும் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் வலையில் பங்கு இருந்தால்தான் முறை உண்டு என்றானதும், முறைக்காகவே புதுப்புது வலைகள் சேர்ந்தன. மிகச் சில வலைகளே போதுமான கரையில் வலைகளின் எண்ணிக்கை நூறை நெருங்கியது. ஒவ்வொரு வலைக்குள்ளும் பங்கீடு ஒழுங்காக நடந்தது. ஊர் மொத்தமாக நட்டப்பட்டது. உள்ளே நியாயமான கூட்டு வெளியே சிக்கனமானதாகவும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தமிழகக் கரையில் பங்கு என்பது முதலில் மீனின் பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதில் படகுக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரிப்பார்கள். இந்தக் கணக்கில் பழகியவர்களுக்குப் படகை ஐந்து பேர் சேர்ந்து வைத்திருப்பது புதிதல்ல. படகின் பங்கு ஐந்து பேருக்குப் போகும், அவ்வளவுதான். இன்னொரு கூட்டாளியும் உண்டு, அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. படகு வாங்க முன்பணம் கொடுத்து, அதற்கு ஈடாகப் பிடிக்கும் மீனைத் தம்மிடமே விற்கும்படி கட்டிவைக்கும் வியாபாரிதான் அவர். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளின் கிராமச் சங்கங்களை இணைத்துச் செய்ய முயன்றது இந்தக் கட்டை அவிழ்ப்பதைத்தான். விற்பனை சங்கத்தின் கைக்கு வந்தது; பிடித்த மீனின் தொகையிலிருந்தே சேமிப்பும் கடன் தவணையும் பிடிக்கப்பட்டன. பெயரளவுக்கு உடைமையாளராக இருந்தவர் உண்மையாகவே உடைமையாளரானார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நடந்தது வேறு கதை. தொண்டு நிறுவனங்கள் பலவும் ஃபைபர் படகுகளைத் தனி ஆளுக்குத் தராமல் நாலைந்து பேர் கொண்ட குழுவுக்குத் தந்தன. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது: இருக்கும் பணத்தில் கூடுதல் குடும்பங்களுக்கு உதவலாம், முன்பு கூலிக்குப் போனவரும் உடைமையாளர் ஆகலாம். ஆனால் பெயர்ப் பட்டியல் போட்டுச் சேர்த்த குழுக்கள் பல நிலைக்கவில்லை. ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொண்டார். அல்லது படகை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சின் பழுதானால் யார் காசு போடுவது, ஒருவர் கடலுக்கு வராத நாளில் அவருக்குப் பங்கு உண்டா, வெளிநாடு போகிறவர் தம் பங்கை யாரிடம் விடுவது என்று முன்கூட்டிப் பேசியிருந்தவர்கள் குறைவு. பார்சிலோனாக்காரர்கள் அடிக்கட்டை போடுமுன்பே கேட்ட கேள்விகள் இவை.

இதற்கு நேர்மாறாக, கடலூர், நாகப்பட்டினம், புதுச்சேரி, காரைக்கால் கரைகளில் சுருக்குமடி வலைக் குழுக்கள் தாங்களாகவே உருவாயின. பெரிய வலை, ஒன்றுக்கு மேற்பட்ட படகுகள், பல பத்துப் பேர் ஆள்பலம் என்று செலவு பெரிது என்பதால் ஊர்க்காரர்களும் உறவினரும் பங்கு போட்டு வாங்கினார்கள். யாரை யார் சேர்த்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது. குழு என்ற அளவில் இவை தாக்குப்பிடித்தன. மீன்வளத்தைச் சுரண்டுகிறது, சிறு வலைக்காரரின் பிழைப்பைக் கெடுக்கிறது என்ற எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. தமிழக அரசு 2000ஆம் ஆண்டிலேயே இவ்வலைக்குத் தடை விதித்திருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அனுமதித்தது. வாரத்துக்கு இரண்டே நாள் என்றால் முதல் எப்போது திரும்பும் என்பது ஒவ்வொரு பங்குதாரர் வீட்டிலும் பேசப்படும் கணக்கு. மாவெல்லேயின் சிக்கல் வேறு உருவில் இங்கேயும் நிற்கிறது: உள்ளே ஒற்றுமையான குழு, வெளியே பகையான கடல்.

பொழுதுபோக்குப் படகுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் குறுகிய படகுகளை ஒரு டஜன் பேர் வரை பங்கிட்டு, ஆளுக்கு ஆண்டில் சில வாரங்கள் என்று பயன்படுத்துவது அங்கே பழகிப்போன ஒன்று. பிரிட்டனில் 1983இல் தொடங்கிய சிறு கலப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும் அது உடைமைக்குச் சான்றாகாது. ஆகவே அந்த நண்பர்களுக்கு உள்ள முக்கிய ஆதாரம் அவர்களே எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான். யாருக்கு எந்த வாரம் என்பது அதில் எப்போதும் இருக்கும். விலகுபவரின் பங்குக்கு யார் விலை வைப்பது என்பதும் இருந்தால்தான் அது ஒப்பந்தம்.

இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 2017ஆம் ஆண்டு நாவாயச் சட்டம், கலத்தின் பயன்பாடு, வருமானம் பற்றிய கூட்டாளிகளின் தகராறை விசாரிக்கும் அதிகாரத்தைச் சென்னை உள்ளிட்ட சில உயர் நீதிமன்றங்களுக்குத் தந்திருக்கிறது. கணக்கை நேர்செய்து, கலத்தையோ அதன் ஒரு பங்கையோ விற்கும்படி அவை ஆணையிடலாம். 1861ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் அதிகாரம் இந்திய உடை போட்டு நிற்கிறது. ஆனால் ஒரு ஃபைபர் படகின் ஐந்திலொரு பங்குக்காகத் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வழக்காட யார் போவார்கள்? அத்தகைய தகராறுகள் ஊரிலேயே தீர்கின்றன. எந்த விதியால் தீர்கின்றன என்பது குழுக்களின் கணக்கு நோட்டுகளிலும் பஞ்சாயத்தாரின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. நோட்டு நிரம்பினால் பழையது தூக்கி எறியப்படுகிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அதன் மாணவர்கள் மீனை அளப்பதோடு இந்த நோட்டுகளையும் ஊர் ஊராகப் போய்ப் படியெடுக்க வேண்டும். அதைச் செய்ய இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது.